உச்சவரம்புக்குள் வலுவான அணியைக் கட்டுதல்

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை அமைப்பான நேஷனல் ஃபுட்பால் லீக்கில், அதாவது என்எஃப்எல்லில், 32 அணிகள் ஆடுகின்றன. அவற்றின் உரிமையாளர்களுள் யார் எவ்வளவு பெரிய செல்வந்தர் என்பதைப் பொறுத்து வீரர்களுக்கான செலவு கூடுவதோ குறைவதோ இல்லை. ஓர் ஆண்டின் கணக்கில் ஓர் அணி தன் வீரர்கள் அனைவருக்குமாகச் சேர்த்துக் காட்டக்கூடிய தொகைக்கு லீக் ஒரு மேல் எல்லை வகுத்திருக்கிறது, அதுவே சம்பள உச்சவரம்பு எனப்படுகிறது. கூடைப்பந்து லீக்கில் அபராத வரி கட்டிவிட்டு வரம்பைத் தாண்டிச் செல்ல வழியுண்டு. என்எஃப்எல்லில் அந்த வழி அடைக்கப்பட்டிருக்கிறது.

ஒப்பந்தம் முடிந்த வீரர் தன் விருப்பப்படி வேறு அணிக்குப் போவதை அணிகள் நெடுங்காலம் தடுத்துவந்தன. ஃப்ரீமன் மெக்நீல் முதலான வீரர்கள் தொடுத்த வழக்கில் அத்தகைய தடை ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு முரணானது என்று 1992இல் ஜூரி தீர்ப்பளித்த பிறகு, வீரர் சங்கமும் உரிமையாளர்களும் 1993இல் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். வீரர்கள் அணி மாறும் உரிமையைப் பெற்றனர், உரிமையாளர்கள் அதற்கு ஈடாக வரம்பைப் பெற்றனர். 1994இல் 3.46 கோடி டாலராகத் தொடங்கிய வரம்பு 2025இல் 27.92 கோடி டாலராக உயர்ந்தது. லீக்கின் மொத்த வருமானத்தில் வீரர்களுக்குச் சேரவேண்டிய பங்கிலிருந்து, 2020 உடன்பாட்டின்படி அது குறைந்தது 48 விழுக்காடு, இந்தத் தொகை கணக்கிடப்படுவதால், தொலைக்காட்சி உரிமங்களின் விலை ஏற ஏற வரம்பும் ஏறுகிறது. பெருந்தொற்றால் அரங்குகள் பெரும்பாலும் காலியாகக் கிடந்த 2020 பருவத்தை அடுத்து 19.82 கோடியிலிருந்து 18.25 கோடிக்கு அது இறங்கவும் செய்தது.

பருவம் நடக்கும்போது அணியின் முதன்மைப் பட்டியலில் 53 வீரர்கள் இருப்பர். பயிற்சிக் குழு என்னும் துணைப்பட்டியலில் 16 பேர் இருப்பர். 2025ஆம் ஆண்டின் வரம்பை 53ஆல் வகுத்தால் ஒருவருக்குச் சராசரியாக 53 லட்சம் டாலர் அளவில் வரும். ஆனால் அந்தச் சராசரிச் சம்பளம் வாங்கும் வீரர்கள் மிகச் சிலரே. முதலாண்டு வீரருக்கான குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 8.4 லட்சம் டாலராக இருந்தது. முன்னணிக் குவார்ட்டர்பேக் ஒருவரின் ஒப்பந்தமோ ஆண்டுக்கு 5 கோடியையும் 6 கோடியையும் தொடுகிறது. குவார்ட்டர்பேக் என்பவர் தன் அணி தாக்கும் ஒவ்வொரு ஆட்டநகர்வின் தொடக்கத்திலும் பந்தைக் கையில் வாங்கி எறிவதையோ கொடுப்பதையோ முடிவுசெய்யும் வீரர். எல்லா அணிகளுக்கும் பணம் ஒரே அளவாக இருக்கும்போது, ஒரு வீரர் களத்தில் தரும் பயனுக்கும் அவர் கணக்கில் அடைக்கும் இடத்துக்கும் இடையிலான வேறுபாட்டை எந்த அணி அதிகமாகச் சேர்க்கிறதோ அந்த அணியே வலுப்பெறுகிறது. நல்ல வீரரை அடையாளம் காணும் கண் எல்லா அணிகளிலும் ஓரளவு உண்டு. நல்ல வீரரை எந்த விலைக்கு, எத்தனை ஆண்டுக்கு, எந்த வயதில் வைத்திருப்பது என்பதில்தான் அணிகள் பிரிகின்றன.

ஒப்பந்தத்தின் உள்கணக்கு

வீரர் கையில் பெறும் பணமும் வரம்புக் கணக்கில் ஏறும் பணமும் ஒரே ஆண்டில் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்பதே இத்துறையின் அடிப்படை. ஒப்பந்தம் போட்டவுடன் வீரருக்குத் தரப்படும் பெருந்தொகையைக் கையெழுத்துத் தொகை எனலாம். அது உடனடியாக வீரரிடம் சேர்ந்துவிட்டாலும், கணக்கில் ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்து, அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்குப் பரப்பி எழுதப்படுகிறது. எடுத்துக்காட்டாக, நான்கு ஆண்டுக்கு 6 கோடி டாலர் என்று ஓர் ஒப்பந்தம் போடப்பட்டு, அதில் 2 கோடி கையெழுத்துத் தொகையாகவும், எஞ்சிய 4 கோடி முறையே 50 லட்சம், 90 லட்சம், 1.2 கோடி, 1.4 கோடி என ஆண்டுச் சம்பளமாகவும் வைக்கப்பட்டால், ஆண்டுதோறும் கையெழுத்துத் தொகையின் 50 லட்சம் சேர்ந்து, வரம்புக் கணக்கு 1 கோடி, 1.4 கோடி, 1.7 கோடி, 1.9 கோடி என ஏறிச் செல்லும்.

இரண்டு ஆண்டுக்குப் பிறகு அந்த வீரரை அணி விடுவிப்பதாகக் கொள்வோம். இனிவரும் சம்பளம் உறுதியளிக்கப்படாததாக இருந்தால் அதைக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஏற்கெனவே கொடுத்துவிட்ட கையெழுத்துத் தொகையில் கணக்கில் ஏறாமல் நிற்கும் 1 கோடி, அடுத்த இரண்டு ஆண்டுகளிலிருந்தும் முன்னுக்கு இழுக்கப்பட்டு ஒரே அடியாக மூன்றாம் ஆண்டில் விழும். வீரர் அணியில் இல்லாதபோதும் வரம்பில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் இந்தத் தொகையே செத்த பணம் எனப்படுகிறது. 1.7 கோடியை மிச்சப்படுத்த நினைத்த அணி உண்மையில் 70 லட்சத்தையே மிச்சப்படுத்துகிறது. ஜூன் 1க்குப் பிறகு விடுவித்தால், அல்லது அவ்வாறு கருதப்பட வேண்டிய இருவருள் ஒருவராக முன்கூட்டியே குறித்து விடுவித்தால், அந்த ஆண்டுக்குரிய 50 லட்சம் அந்த ஆண்டிலும் மீதி அடுத்த ஆண்டிலும் விழுமாறு பிரித்துக்கொள்ளலாம். சுமை தள்ளிப்போகுமே ஒழியக் குறையாது.

விடுவிப்பதற்கு மாறாக, ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதும் வழியும் உண்டு. அதே வீரரின் மூன்றாம் ஆண்டுச் சம்பளமான 1.2 கோடியில் 1 கோடியைக் கையெழுத்துத் தொகையாக மாற்றி உடனே கொடுத்துவிட்டால், அது எஞ்சிய இரண்டு ஆண்டுகளுக்கும் 50 லட்சமாகப் பிரியும். அந்த ஆண்டின் கணக்கு 1.7 கோடியிலிருந்து 1.2 கோடியாக இறங்கும், அடுத்த ஆண்டின் கணக்கோ 1.9 கோடியிலிருந்து 2.4 கோடியாக ஏறும். வீரருக்கு இதில் இழப்பு ஏதுமில்லை, பணம் முன்னதாகவே கிடைத்துவிடுகிறது. வீரர் ஆடப்போவதில்லை என்று இரு தரப்பும் அறிந்த போலி ஆண்டுகளை ஒப்பந்தத்தின் வாலில் சேர்த்து, தொகையை இன்னும் மெல்லியதாகப் பரப்பும் முறையும் இன்று பரவலாகியிருக்கிறது. வரம்பு ஆண்டுதோறும் உயர்வதால், நாளைய ஒரு டாலர் இன்றைய ஒரு டாலரைவிடச் சிறிய பங்கே ஆகும். அந்த அளவில் இம்முறைக்கு நியாயம் உண்டு. ஆனால் இது வட்டிக்கு வாங்கிய கடனைப் போன்றது. கடன் வாங்கிய பணத்தில் எதை வாங்கினோம் என்பதைப் பொறுத்தே அதன் நன்மை தீமை அமைகிறது.

நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணி, குவார்ட்டர்பேக் டிரூ பிரீஸின் கடைசி ஆண்டுகளில் பட்டத்தை எட்டிப்பிடிக்க வேண்டும் என்ற நியாயமான வேட்கையோடு ஆண்டுக்காண்டு ஒப்பந்தங்களைத் திருத்திச் சுமையைத் தள்ளிக்கொண்டே வந்தது. பிரீஸ் 2021இல் ஓய்வு பெற்ற பின்னும் அணி அதே பழக்கத்தை விடாமல், வயதேறிய வீரர்களின் ஒப்பந்தங்களையே மீண்டும் மீண்டும் நீட்டியது. 2021 முதல் 2024 வரையிலான நான்கு பருவங்களிலும் அது பிளேஆஃப் எனப்படும் இறுதிச்சுற்று ஆட்டங்களுக்குத் தகுதி பெறவில்லை. இளமையான, உச்சத்தை நோக்கி ஏறும் வீரருக்காக எதிர்காலத்திலிருந்து எடுப்பது ஒன்று. இறங்குமுகத்தில் உள்ளவரைக் கைவிட மனமில்லாமல் எடுப்பது வேறொன்று. பின்னதற்கு எந்தக் கணக்கு வித்தையும் துணைசெய்யாது.

ஒப்பந்தச் செய்தி வெளியாகும்போது முழங்கப்படும் மொத்தத் தொகையைவிட, உறுதியளிக்கப்பட்ட தொகை எவ்வளவு, அது எந்த ஆண்டில் முடிகிறது என்பதையே மேலாளர் முதலில் பார்க்கவேண்டும். பெரும்பாலான ஐந்தாண்டு ஒப்பந்தங்கள் நடைமுறையில் இரண்டு அல்லது மூன்று ஆண்டு ஒப்பந்தங்களே. அதன் பின்னர் தொடர்வதா பிரிவதா என்பதை அணி ஒவ்வோர் ஆண்டும் முடிவுசெய்கிறது. டெஷான் வாட்சனுக்கு 2022இல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணி கொடுத்த ஐந்தாண்டு, 23 கோடி டாலர் ஒப்பந்தம் முழுவதும் உறுதியளிக்கப்பட்டது என்பதால்தான், அந்த முடிவுசெய்யும் வாய்ப்பையே அணி தன் கையிலிருந்து கொடுத்துவிட்டது.

புதுமுக ஒப்பந்தம் என்னும் ஊற்று

கல்லூரிகளிலிருந்து வரும் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வே டிராஃப்ட். அது ஏழு சுற்றுகள் கொண்டது. முந்தைய பருவத்தில் மிகப் பின்தங்கிய அணி முதலில் தேர்ந்தெடுக்கும். 2011 வரை முதல் தேர்வு வீரர்கள் தங்கள் சம்பளத்தைப் பேரம்பேசிப் பெற்றனர்: 2010இல் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டு, தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடுமுன் ஆறாண்டுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார், அதில் 5 கோடி உறுதியளிக்கப்பட்டது. 2011 உடன்பாடு புதுமுகங்களின் சம்பளத்தைத் தேர்வு வரிசைக்கேற்ப நிர்ணயித்தது. அவ்வாண்டு முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு 2.2 கோடி டாலரே கிடைத்தது. ஒரே ஆண்டு இடைவெளியில் இளைஞர்களின் விலை இவ்வளவு சரிந்தது மூத்த வீரர்களுக்குச் சாதகமாகலாம் என்று எதிர்பார்க்கப்பட்டது. உண்மையில் மிகுந்த சாதகம் பெற்றவை டிராஃப்டில் திறமையாகத் தேர்ந்தெடுக்கும் அணிகளே.

இதனை முதலில் முழு அளவில் பயன்படுத்திக்கொண்டது சியாட்டில் சீஹாக்ஸ். 2012இன் மூன்றாம் சுற்றில், 75ஆம் தேர்வாக வந்த ரஸ்ஸல் வில்சன் நான்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 30 லட்சம் டாலருக்கு ஒப்பந்தமானார், 12.3 கோடி வரம்பிருந்த 2013இல் அவரது வரம்புக் கணக்கு 7 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. தற்காப்பின் பின்வரிசையில் நின்ற ரிச்சர்ட் ஷெர்மனும் காம் சான்சலரும் ஐந்தாம் சுற்றுத் தேர்வுகள். குவார்ட்டர்பேக்கிலும் பின்வரிசையிலும் மிச்சமான பணத்தைக்கொண்டு, மைக்கேல் பென்னட், கிளிஃப் அவ்ரில் ஆகிய அனுபவமிக்க தாக்குவீரர் இருவரைக் குறுகியகால ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்ட அணி, 2014 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் டென்வர் பிராங்கோஸை 43-8 எனச் சிதறடித்தது. புதுமுக ஒப்பந்தத்தை மூன்று பருவம் முடியும்வரை திருத்தக்கூடாது என்று விதி இருப்பதால், வில்சனே விரும்பியிருந்தாலும் அணியால் அவருக்கு அதிகம் கொடுத்திருக்க முடியாது. 2015இல் அவருக்கு நான்காண்டுக்கு 8.76 கோடி டாலர் ஒப்பந்தம் தரப்பட்ட பின்னர், அவரோடு சீஹாக்ஸ் மீண்டும் இறுதியாட்டத்துக்குச் செல்லவில்லை. ஆட்டக்காரர் அவரேதான், அவரைச் சுற்றி நிறுத்தக்கூடிய மற்றவர்களின் எண்ணிக்கையும் தரமும்தான் குறைந்தன.

அதே வில்சனின் பிற்காலமும் இந்த அத்தியாயத்துக்கு உரியதே. 2022இல் முதல் சுற்றுத் தேர்வு இரண்டு, இரண்டாம் சுற்றுத் தேர்வு இரண்டு ஆகியவற்றோடு மூன்று வீரர்களையும் கொடுத்து அவரைப் பெற்ற பிராங்கோஸ், அவர் அந்த அணிக்காக ஓர் ஆட்டமும் ஆடுமுன் ஐந்தாண்டுக்கு 24.5 கோடி டாலர் நீட்டிப்பும் கொடுத்து, 2024இல் அவரை விடுவித்தபோது 8.5 கோடி டாலர் செத்த பணத்தை இரண்டு ஆண்டுகளில் பிரித்து ஏற்கவேண்டியதாயிற்று. இவ்வளவு பெரிய சுமையோடும் அந்த அணி 2024இல் பத்து ஆட்டங்களை வென்று பிளேஆஃபுக்குச் சென்றதற்குக் காரணம், அவ்வாண்டு டிராஃப்டில் 12ஆவதாக வந்த போ நிக்ஸ் புதுமுகச் சம்பளத்தில் குவார்ட்டர்பேக்காக ஆடியதே ஆகும். பழைய தவறின் விலையை அடைக்கும் வலிமைகூட டிராஃப்டிலிருந்தே வந்தது.

ஆகவே தேர்வுகளின் எண்ணிக்கையை மேலாளர் பொக்கிஷமாகக் காக்கவேண்டும். கேட் மாஸியும் ரிச்சர்ட் தேலரும் செய்த ஆய்வு, அணிகள் மிக உயர்ந்த தேர்வுகளை மிகையாக மதிப்பிட்டு, அவற்றை அடைவதற்காகப் பின்வரும் தேர்வுகள் பலவற்றை விட்டுக்கொடுக்கின்றன என்று காட்டியது. எந்த இளைஞன் தேறுவான் என்பதை முன்கூட்டியே அறியும் ஆற்றல் எவருக்கும் முழுமையாக இல்லாதபோது, ஒரே ஒருவர் மீது அனைத்தையும் வைப்பதைவிட முயற்சிகளைப் பெருக்குவதே அறிவுடைமை. குவார்ட்டர்பேக்கைத் தேடுவது ஒன்றே இதற்கு ஏற்கத்தக்க விதிவிலக்கு.

தேர்வுகளைப் பெருக்கும் இன்னொரு வழி அதிகம் பேசப்படுவதில்லை. ஒப்பந்தம் முடிந்து எந்த அணியோடும் சேரும் உரிமை பெற்ற கட்டற்ற வீரர்களுள், ஓர் அணி இழந்தவர்களின் மதிப்பு அது சேர்த்துக்கொண்டவர்களின் மதிப்பைவிட அதிகமானால், லீக் அந்த அணிக்கு மூன்றாம் சுற்றுக்கும் ஏழாம் சுற்றுக்கும் இடையில் இழப்பீட்டுத் தேர்வுகளை வழங்குகிறது. ஓராண்டில் லீக் முழுவதற்கும் 32 தேர்வுகள்வரை இவ்வாறு கிடைக்கும். ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே பழைய அணியால் விடுவிக்கப்பட்ட வீரர் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. ஓசி நியூசம் மேலாளராக இருந்த காலத்தில் பால்டிமோர் ரேவன்ஸ் அணி இதை நன்கு புரிந்துகொண்டு, தன் வீரர்களை அதிக விலைக்குப் பிற அணிகள் கொண்டுபோக விட்டு, தேவையான இடங்களை விடுவிக்கப்பட்ட மூத்தவர்களைக்கொண்டு நிரப்பி, இழப்பீட்டுத் தேர்வுகளை ஆண்டுதோறும் சேர்த்தது. பொறுமையுள்ள அணிக்கு லீக்கே கொடுக்கும் பரிசு இது.

குவார்ட்டர்பேக்குக்குக் கொடுத்த பின்

நல்ல குவார்ட்டர்பேக் கிடைத்துவிட்டால் ஒருநாள் அவருக்குக் கொடுத்தே ஆகவேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ், 2022 டிராஃப்டின் கடைசித் தேர்வான, 262ஆம் தேர்வான பிராக் பர்டியின் மிகச் சிறிய சம்பளத்தை நம்பி, மற்ற எல்லா இடங்களிலும் உயர்ந்த விலையுள்ள வீரர்களை நிறுத்தி 2024 பிப்ரவரியின் சூப்பர் பவுலுக்குச் சென்றது. 2025 மே மாதத்தில் பர்டிக்கு ஐந்தாண்டுக்கு 26.5 கோடி டாலர் ஒப்பந்தம் போடுவதற்கு முன்னதாகவே, மார்ச்சில் டீபோ சாமுவேல் ஐந்தாம் சுற்றுத் தேர்வு ஒன்றுக்கு மாற்றிக்கொடுக்கப்பட்டார், தற்காப்பு வீரர்கள் பலர் வேறு அணிகளுக்குப் போயினர். இதைத் தவறென்று சொல்வதற்கில்லை. இது வந்தே தீரும் ஒரு கட்டம், வரும் நாளை முன்கூட்டியே அறிந்து தயாராவதே மேலாளரின் வேலை.

அந்தக் கட்டத்தை மிகச் சிறப்பாகக் கடந்தது கான்சஸ் சிட்டி சீஃப்ஸ். 2020இல் பேட்ரிக் மஹோம்ஸுக்குப் பத்தாண்டு நீட்டிப்பாக 45 கோடி டாலர் ஒப்பந்தம் போடப்பட்டது. ஆண்டுகள் நீண்டிருந்ததால், எந்த ஆண்டில் சுமையைத் தள்ளவேண்டுமோ அந்த ஆண்டில் திருத்தி எழுத இடம் கிடைத்தது. வரம்பு உயர உயர அந்த ஒப்பந்தத்தின் ஒப்பீட்டு விலையும் இறங்கிவந்தது. ஆனால் அணியைக் காத்தது அதைவிடக் கடினமான ஒரு முடிவு. பந்தைப் பிடித்து ஓடுவதில் லீக்கிலேயே மிக அஞ்சத்தக்கவராக இருந்த டைரீக் ஹில்லை, அவர் பெரும் ஒப்பந்தம் கேட்ட 2022 மார்ச்சில், ஐந்து டிராஃப்ட் தேர்வுகளுக்கு மயாமி டால்ஃபின்ஸிடம் சீஃப்ஸ் கொடுத்துவிட்டது. அவ்வாண்டு டிராஃப்டில் வந்த டிரென்ட் மக்டஃபி, ஜார்ஜ் கார்லாஃப்டிஸ், லியோ செனால், ஏழாம் சுற்றில் வந்த ஐசாயா பச்சேகோ முதலிய இளைஞர்கள் அடுத்தடுத்து இரண்டு பட்டங்களுக்குத் துணைநின்றனர். 2022 பருவத்தில் மஹோம்ஸின் வரம்புக் கணக்கு அணியின் வரம்பில் ஏறத்தாழ 17 விழுக்காடு. அவ்வளவு பெரிய பங்கை ஒரே குவார்ட்டர்பேக் எடுத்துக்கொண்டும் பட்டம் வெல்ல முடிந்தது, மற்ற இடங்களில் அத்தனை இளைஞர்கள் குறைந்த விலையில் நின்றதால்தான்.

எந்த இடத்துக்கு எவ்வளவு

ஆட்டத்தின் இடங்கள் அனைத்தும் சமமான விலைக்கு உரியவை அல்ல. குவார்ட்டர்பேக்கை அடுத்து, எதிரணிக் குவார்ட்டர்பேக்கைப் பாய்ந்து வீழ்த்தும் விளிம்புத் தாக்குவீரர், அத்தகையவரிடமிருந்து தன் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் இடக்கோடி டாக்கிள், பந்துபிடிக்கும் வைடு ரிசீவர், அவரைத் தடுக்கும் கார்னர்பேக் ஆகிய இடங்களில் முதல்தர வீரர் அரிதாகவே கிடைப்பதால் விலை உயர்ந்து நிற்கிறது. பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங்பேக் போன்ற இடங்களில் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் உள்ள வேறுபாடு சிறிதென்றும், உடல் விரைவில் தேய்ந்துவிடும் என்றும் கருதப்படுவதால் விலை தாழ்ந்திருக்கிறது. விலை உயர்ந்த இடங்களை டிராஃப்டிலும், தாழ்ந்த இடங்களைச் சந்தையிலும் நிரப்புவதே பொதுவாக நல்ல வழி.

ஆனால் சந்தை ஓர் இடத்தை மிகையாகத் தாழ்த்திவிடும்போது அதை வாங்கத் தயங்கக்கூடாது. பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி 2024இல் நியூயார்க் ஜயன்ட்ஸிலிருந்து வெளிவந்த சாக்வான் பார்க்லிக்கு மூன்றாண்டுக்கு 3.775 கோடி டாலர் கொடுத்தது. அவர் அந்தப் பருவத்தில் 2,005 கெஜம் ஓடினார். அவருக்கு முன்னால் வழிதிறந்தவர்களுள் ஒருவரான ஜோர்டன் மைலாட்டா, அமெரிக்கக் கால்பந்தே ஆடியறியாத ஆஸ்திரேலிய ரக்பி வீரராக இருந்து 2018இன் ஏழாம் சுற்றில் எடுக்கப்பட்டவர் என்பதையும் சேர்த்தே அந்த எண்ணைப் படிக்கவேண்டும். வெறும் 35 லட்சம் டாலருக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்த சாக் பான், இடம் மாற்றி ஆடவைக்கப்பட்டு தற்காப்பின் இரண்டாம் வரிசையில் நிற்கும் லைன்பேக்கர்களுள் அந்தப் பருவத்தின் தலைசிறந்த ஒருவரானார். 2025 பிப்ரவரியில் ஈகிள்ஸ் 40-22 என வென்ற இறுதியாட்டத்தில் எதிரே நின்றது அதே சீஃப்ஸ். இடக்கோடி டாக்கிளுக்குத் தகுந்த ஆள் அமையாமல், நடுவரிசையில் ஆடிவந்த ஜோ தூனியை அங்கே நிறுத்தவேண்டியிருந்த அந்த அணியின் மஹோம்ஸ் ஆறு முறை வீழ்த்தப்பட்டார். எல்லாவற்றையும் சரியாகச் செய்த அணியிலும் ஓர் இடம் திறந்து கிடந்தால் ஆட்டம் அங்கே போய் நிற்கும்.

ஈகிள்ஸ் மேலாளர் ஹவி ரோஸ்மனின் இன்னொரு பழக்கமும் கவனிக்கத்தக்கது. தகுதி நிரூபித்த இளம் வீரரை ஒப்பந்தத்தின் கடைசி நாள்வரை காக்கவைக்காமல், ஓரிரு ஆண்டு முன்னதாகவே நீட்டிப்புக் கொடுத்துவிடுவது அவரது வழக்கம். சந்தை விலை ஆண்டுதோறும் ஏறுவதால் முந்திக்கொண்டவருக்கே மலிவு. ஜேலன் ஹர்ட்ஸின் 2023 ஒப்பந்தம் ஆண்டுச் சராசரி 5.1 கோடி டாலர் என்றாலும், போலி ஆண்டுகளின் துணையோடு 2024இல் அவரது வரம்புக் கணக்கு 1.4 கோடிக்கும் குறைவாகவே வைக்கப்பட்டிருந்தது. அந்தச் சுமை பின்னொரு நாள் வரும். அணி இளமையாக இருக்கும்போது அதை ஏற்கத் துணிந்ததால் ஒரு பட்டம் கையில் இருக்கிறது.

விடைகொடுக்கும் காலம்

நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸின் இருபதாண்டு வெற்றியில் டாம் பிரேடி என்னும் குவார்ட்டர்பேக்கின் பங்கு எல்லாரும் அறிந்தது. பயிற்சியாளர் பில் பெலிசிக் வீரர்களை விடுவித்த முறையின் பங்கு அதற்கு இணையானது. 2003 பருவம் தொடங்கச் சில நாள்களே இருக்கும்போது, சம்பளக் குறைப்புக்கு உடன்படாத லாயர் மில்லாய் என்னும் மதிப்புமிக்க மூத்த வீரரை அவர் விடுவித்தார். முதல் ஆட்டத்தில் மில்லாய் சேர்ந்த பஃபலோ பில்ஸ் அணியிடமே பேட்ரியட்ஸ் 31-0 எனத் தோற்றது, அந்தப் பருவத்தின் முடிவில் பட்டத்தையும் வென்றது. 2009இல் ரிச்சர்ட் சீமோரைக் கொடுத்துப் பெற்ற முதல் சுற்றுத் தேர்வு, பின்னர் நேட் சோல்டர் என்னும் இடக்கோடி டாக்கிளாக வந்தது. 2016இல் சாண்ட்லர் ஜோன்ஸைக் கொடுத்தபோது கிடைத்த இரண்டாம் சுற்றுத் தேர்வை மேலும் மாற்றி ஜோ தூனியையும் மால்கம் மிச்சலையும் பெற்றனர். அந்தப் பருவத்தின் சூப்பர் பவுலில் 28-3 எனப் பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு வென்ற அணியில் இருவரும் ஆடினர். ஜோன்ஸ் அதன் பின்னும் பல ஆண்டு சிறப்பாக ஆடினார் என்பதால் அவரைக் கொடுத்தது பிழையாகிவிடாது. அவருக்குக் கொடுத்திருக்கவேண்டிய பணம் வேறு எங்கெல்லாம் பயன்பட்டது என்பதையும் சேர்த்துத்தான் அளவிடவேண்டும்.

இம்முறையில் ஒரு கடுமை இருப்பதை மறைக்கத் தேவையில்லை. வீரரின் தொழில்வாழ்வு குறுகியது, அவரது உடலே முதலீடு. அவரை விடுவிக்கப்போகும் அணி, மார்ச்சில் சந்தை திறக்கும் நேரத்திலேயே அதைச் சொல்லிவிட்டால் அவருக்கு வேறு இடம் தேட வாய்ப்பிருக்கும். ஆகஸ்ட் கடைசியில் சொன்னால் பெரும்பாலான அணிகளின் பணம் தீர்ந்திருக்கும். முன்கூட்டிச் சொல்வது நேர்மை மட்டுமன்று, அடுத்த வீரர் அந்த அணியோடு பேரம்பேச வரும்போது நம்பி வருவதற்கும் அதுவே காரணமாகும்.

இவ்வளவு சொன்ன பிறகும் ராம்ஸின் வழி எதிர்வாதமாக நிற்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் 2017 முதல் 2023 வரை முதல் சுற்றில் ஒருவரையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஜேலன் ராம்சி, மேத்யூ ஸ்டாஃபோர்டு போன்றோருக்காக அந்தத் தேர்வுகளைக் கொடுத்து, 2022 பிப்ரவரியில் பட்டம் வென்றது. அடுத்த பருவத்தில் 5 வெற்றி, 12 தோல்வி எனச் சரிந்தும் விட்டது. ஆனால் இந்த அணி டிராஃப்டைப் புறக்கணித்தது என்று சொல்வது பிழை. முதல் சுற்றைக் கொடுத்தாலும் நடுச்சுற்றுத் தேர்வுகளை அது கவனமாகச் சேர்த்தது. பட்டம் வென்ற இறுதியாட்டத்தின் சிறந்த வீரரான கூப்பர் கப் மூன்றாம் சுற்றிலும், 2023இல் புதுமுகமாக 1,486 கெஜம் சேர்த்துச் சாதனை படைத்த பூகா நக்குவா ஐந்தாம் சுற்றிலும் வந்தவர்கள். நடுச்சுற்றில் தேறுபவரைக் கண்டெடுக்கும் உறுதியான திறன் இல்லாத அணி ராம்ஸைப் பின்பற்றினால் சரிவு மட்டுமே மிஞ்சும்.

பட்டியலின் அடிவரிசை

53 பேரில் கடைசி 20 பேரைப் பற்றி நாளிதழ்கள் எழுதுவதில்லை. நீண்ட பருவத்தில் காயங்கள் பெருகும்போது ஆடுபவர்கள் அவர்களே. காயப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்ட வீரரின் சம்பளமும் வரம்பில் ஏறிக்கொண்டேயிருப்பதால், பருவத் தொடக்கத்தில் முழு வரம்பையும் செலவழித்துவிட்ட அணி அக்டோபரில் கைபிசைந்து நிற்கும். செலவாகாத வரம்பு அடுத்த ஆண்டுக்கு எடுத்துச்செல்லப்படுவதால் மிச்சம் வைப்பதில் இழப்பும் இல்லை. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பருவம் ஆடிய மூத்தவர் குறைந்தபட்சச் சம்பளத்தில் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு வந்தால், அவரது முழுச் சம்பளத்துக்குப் பதிலாக இரண்டாண்டு அனுபவமுள்ளவருக்குரிய தொகையே வரம்பில் ஏறும் என்னும் சலுகையும் உண்டு. டிராஃப்டில் எவராலும் தேர்ந்தெடுக்கப்படாத இளைஞர்களையும் இவ்வரிசையில் இடைவிடாது சோதித்துப் பார்க்கவேண்டும். 2015 பிப்ரவரியில் சீஹாக்ஸின் இரண்டாவது பட்டத்தை எல்லைக்கோட்டருகே பந்தைப் பறித்துத் தடுத்த பேட்ரியட்ஸின் மால்கம் பட்லர் அப்படி வந்தவர்.

புதிதாகப் பொறுப்பேற்கும் மேலாளர், எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன்னும், அந்த ஆண்டின் கணக்கை மட்டும் பார்க்காமல் அடுத்த மூன்று ஆண்டுகளின் முழுப் பட்டியலையும், யாருடைய புதுமுக ஒப்பந்தம் எந்த ஆண்டில் முடிகிறது என்பதையும், ஒவ்வொருவரையும் விடுவித்தால் விழும் செத்த பணத்தையும் எழுதி வைத்துக்கொண்டு, அந்த மூன்றாம் ஆண்டில் தன் அணியின் குவார்ட்டர்பேக் யார் என்ற கேள்விக்கு முதலில் விடை எழுதட்டும்.